பிள்ளை வாசல் தாண்டுமுன்

கூட்டமாக நேரும் மரணத்துக்கு நம் நாட்டில் நிவாரணம் உண்டு. தனித்தனியாக நேரும் மரணத்துக்கு அநுதாபம் மாத்திரமே உண்டு. 2021ஆம் ஆண்டில் கொரோனாவுக்குத் தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 5 லட்ச ரூபாய் வைப்புநிதி அறிவித்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு அதே 5 லட்சத்தோடு மாதம் 5,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் நியாயமான உதவிகளே. ஆனால் வேறொரு ஊரில், கடைச் சரக்கையே பத்து வருஷம் குடித்து, ஈரல் கெட்டு, யாருடைய கவனத்தையும் கவராமல் கண்மூடிய தகப்பனின் பிள்ளையைத் தேடி எந்த அதிகாரியும் வருவதில்லை.

இந்தப் பாரபட்சத்தை ஓரளவேனும் போக்கும் முயற்சியாக, பெற்றோர் எவ்விதம் இறந்தாலும் அவர்களை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக்கரங்கள்’ திட்டம் 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு பிள்ளை எவ்வாறு திக்கற்றதாகிறது என்ற கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

பெற்றவர் இறந்த அன்றே பிள்ளை அநாதையாகிவிடுவதில்லை. அதற்குப் பிறகு வரும் ஐந்தாறு மாதங்களில், கடனும் வாடகையும் உறவினரின் முகச்சுளிப்பும் கூடி, அந்தப் பிள்ளையை வீட்டு வாசலுக்கு வெளியே தள்ளும்போதுதான் அது அநாதையாகிறது. இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில் வந்து சேரும் சிறிய உதவிக்கு இருக்கும் வலிமை, பின்னாளில் கட்டப்படும் எவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் இல்லை.

இல்லங்களில் இருப்பவர் யார்?

இது வெறும் ஊகமன்று. நாடெங்கும் உள்ள குழந்தைகள் இல்லங்களை மத்திய அரசு ஆய்வு செய்து 2018இல் வெளியிட்ட அறிக்கை, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்களில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னது. அவர்களுள் தாய் தந்தை இருவரும் இல்லாதவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். கைவிடப்பட்டவர்களும் ஒப்படைக்கப்பட்டவர்களும் சேர்ந்து பதினையாயிரத்துக்கும் குறைவு. தாயோ தந்தையோ ஒருவர் உயிரோடிருக்கும் பிள்ளைகள் மாத்திரம் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர்.

அதாவது, ‘அநாதை இல்லம்’ என்று நாம் எண்ணிக்கொண்டு பிறந்தநாள் சாப்பாடு கொண்டுபோகும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எங்கேயோ ஓர் அம்மா இருக்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவளாக இருக்கலாம்; சென்னையில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளாக இருக்கலாம்; செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு கட்டுப்பட்டுக் கிடக்கிறவளாகவும் இருக்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற சமயத்தில் தகரப்பெட்டியும் தட்டும் வாங்கிக் கொடுத்து, “ஹாஸ்டல்ல சேத்திருக்கேன்” என்று ஊராரிடம் சொல்லிவிட்டுப் போன அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைமேல் பாசம் குறைவென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தன் பிள்ளை மூன்று வேளை சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும் என்பதற்காகவே அவள் அதைப் பிரிந்திருக்கிறாள்.

படிப்படியாக நேரும் விபத்து

காரணங்களைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது சுலபம்: சாவு, குடி, கடன், தற்கொலை, சாலை விபத்து, சிவகாசி சாத்தூர்ப் பக்கங்களில் அடிக்கடி வெடித்துச் சிதறும் பட்டாசு ஆலைகள், தாய்க்கு வரும் மனநோய், தகப்பன் சிறைக்குப் போவது, மறுமணம். ஆனால் இவற்றுள் எதுவும் தனியாக நின்று ஒரு பிள்ளையை வெளியேற்றுவது அபூர்வம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்போதுதான் அது நேருகிறது.

கட்டட வேலை செய்த கணவன் சாரத்திலிருந்து விழுந்து இறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வாங்கிய கடன் கந்து வட்டியில் நிற்கிறது. மனைவி வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியிலிருந்து நிற்கிறாள். மகளிர் குழுத் தவணை தவறுகிறது. வாடகை நிலுவை ஏறுகிறது. பிறந்த வீட்டுக்கு வந்தால் அண்ணியின் முகம் மாறுகிறது. இரண்டு வருஷத்தில் மறுமணப் பேச்சு வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஏற்கிறார்கள், பிள்ளைகளை ஏற்க மறுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர் ஓர் இல்லத்தின் பதிவேட்டில் ஏறுவது அந்தக் கட்டத்தில்தான். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைச் சில ஆயிரம் ரூபாயில் அறுத்திருக்கலாம். கடைசிக் கண்ணியை எவ்வளவு பணம் கொடுத்தாலும் அறுக்க முடியாது.

சங்கிலி அறுபடும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பாட்டி இருக்கிறாள். தமிழ்நாட்டின் ஆகப்பெரிய அநாதை இல்லம் பாட்டி வீடுதான். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, நன்கொடை ரசீது இல்லை, ஆண்டு விழாவும் இல்லை. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் அதன் மூலதனம். மகளோ மகனோ விட்டுப்போன இரண்டு மூன்று பிள்ளைகளை, தன் கண்ணில் புரை விழுந்திருக்க, முழங்கால் மடங்காதிருக்க, வளர்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கிழவிதான் அரசாங்கம் முதலில் தேடிப் போக வேண்டிய ஸ்தாபனம்.

ஆனால் நடப்பது என்ன? உதவி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் கீழ், குடும்பத்தோடே வாழும் இத்தகைய பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழி இருக்கிறது. அதைப் பெற இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு, பாதுகாவலர் யார் என்பதற்கு அத்தாட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். தகப்பன் இறந்திருந்தாலாவது சான்று கிடைக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன தகப்பனுக்கு எந்தத் தாலுகா அலுவலகத்தில் சான்று வாங்குவது? படிப்பறியாத பாட்டி இரண்டு முறை பஸ் ஏறிப் போய்வந்து, மூன்றாம் முறை அன்றைய கூலி போய்விடுமே என்று நின்றுவிடுகிறாள்.

அதே பிள்ளையை ஓர் இல்லத்தில் விட்டால், அங்குள்ள எழுத்தர் இத்தனை காகிதங்களையும் தாமே தயார் செய்துவிடுவார். சாதிச் சான்று விஷயத்தையும் பாருங்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்த ஆதரவற்ற பிள்ளைகள் தமிழகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. வேண்டுமென்றே செய்யவில்லைதான், ஆனாலும் பிள்ளையை வீட்டிலிருந்து கட்டடத்துக்கு நகர்த்தும் சரிவாகவே நம் விதிகள் அமைந்துவிட்டன.

புதரில் கிடக்கும் சிசு

இனி, நாம் எல்லாரும் செய்தித்தாளில் படித்துப் பதறும் மற்றொரு வகை. பிறந்து சில மணி நேரமே ஆன சிசு பஸ் நிலையக் கழிப்பறையிலோ, புதரிலோ, அரசு ஆஸ்பத்திரி மாடிப்படியிலோ கண்டெடுக்கப்படுகிறது. ‘கல்நெஞ்சத் தாய்’ என்று தலைப்பு, போலீஸ் வலைவீச்சு, சில நாளில் ஓர் இளம்பெண் கைது. தகப்பனைத் தேடி வலைவீசியதாகச் செய்தி வருவது துர்லபம்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தத் துயரத்தின் பிரதான காரணம் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டப்பட்ட செய்தி 1980களின் நடுவில் நாட்டையே உலுக்கியது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் அவளை அரசாங்கத்திடம் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை அது வளர்த்துவிடும் என்று அப்போதே கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கண்டனத்தில் உண்மையும் உண்டு. ஆயினும், கேள்வி கேட்காமல் ஏந்திக்கொண்ட அந்தத் தொட்டிலின் குணம் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது.

இன்று புதரில் கிடக்கும் சிசுவின் கதை பெரும்பாலும் மணமாகாத, வயதில் மிகச் சிறிய பெண்ணின் கதை. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக ஆஸ்பத்திரிக்கு வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் போலீஸ் வரும், ஊருக்குத் தெரியும், காதலித்த பையன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயத்தால், அந்தப் பெண்ணும் அவளைப் பெற்றவளும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். கருவைக் கலைக்கும் காலமும் கடந்துவிடுகிறது. பிரசவம் குளியலறையில் நிகழ்கிறது. அப்புறம் நடப்பதைத்தான் நாம் செய்தியாகப் படிக்கிறோம். இத்தகைய பெண் சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொள்ள வரும்போது, அவள் கேட்டுக்கொண்டால், அவள் பாதுகாவலரும் அதையே கேட்டால், பெயர் முதலிய அடையாளங்களைப் போலீசுக்கு மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அந்தத் தெளிவு தாலுகா ஆஸ்பத்திரி வரை வந்து சேர வேண்டாமா?

பெற்ற குழந்தையை வளர்க்க இயலாதவள் அதைச் சட்டப்படி ஒப்படைக்கலாம் என்பதும் நம் மக்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கேனும் தெரியுமா என்பது சந்தேகம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும்; மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு; அவள் யாரென்பது வெளியிடப்படாது. மாறாக, குழந்தையை வீதியில் விட்டுச் சென்றால், பாரதிய நியாய சம்ஹிதை என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. ஒரு கதவு திறந்திருப்பதை யாரும் சொல்லாததால், அவள் சிறைக்குப் போகும் மற்றொரு கதவை நோக்கி நடக்கிறாள்.

இந்த இடைவெளியில் தரகர்கள் புகுந்துகொள்கிறார்கள். 2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசும் ஒலிப்பதிவு வெளியாகி நாடே அதிர்ந்தது நினைவிருக்கலாம். ஒரு பக்கம் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் இந்தியாவில் முப்பதாயிரத்துக்கும் மேல். மறுபக்கம் சட்டப்படி தத்துக் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் பிள்ளைகள் அதில் ஒரு சிறு பங்கு. காத்திருப்பு மூன்று வருஷத்தைத் தாண்டுகிறது. வெள்ளைத் தோல், ஆண்பிள்ளை என்றெல்லாம் விலைப்பட்டியல் பேசும் வியாபாரத்துக்கு இதைவிடச் செழிப்பான சந்தை வேறென்ன வேண்டும்?

ஆபுத்திரனுக்கு நேர்ந்தது

கைவிடப்பட்ட பிள்ளையைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசாமல் இல்லை. சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனை, பெற்ற தாயான சாலி குமரிக்கு வரும் வழியில் ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்து வேதம் ஓதுவிக்கிறான். அதுவரை கதை இனிமையாகத்தான் போகிறது. வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது, ஊரார் அவன் செயலைப் பற்றி வாதாடுவதை விட்டு, அவன் பிறப்பைத் தோண்டி எடுக்கிறார்கள். வளர்த்த தகப்பனும் அவனை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள்.

சாத்தனார் காலத்துக்குப் பிறகு நம் சமூகம் இவ்விஷயத்தில் மிகவும் முன்னேறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தத்தெடுத்த பிள்ளை பன்னிரண்டு வயதில் எதிர்த்துப் பேசினால், “எந்த ரத்தமோ” என்று ஒரு சித்தியோ பெரியப்பாவோ முணுமுணுக்காத குடும்பங்கள் எத்தனை? பள்ளியில் சேர்க்கும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், பெண் பார்க்கும்போதும், தகப்பன் பெயர் என்ற அந்த ஒரு கட்டம் இன்றும் பிள்ளையின் கழுத்தை நெரிக்கிறது.

இல்லங்களை நடத்துகிறவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கிய காலத்தில், போக்கிடமற்ற பெண்களுக்கு அதைத் தவிர வேறு கூரை இருக்கவில்லை. இன்றும் சில பிள்ளைகளுக்கு இல்லமே உத்தமமான அடைக்கலம். சொந்த வீட்டிலேயே அபாயம் இருக்கும் பிள்ளைகளை வேறெங்கே அனுப்புவது? ஆனால் கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை உலகம் கற்ற பாடம் கொடியது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி 1951இலேயே எழுதிய அறிக்கை, நிலையான ஒருவரின் அரவணைப்பு இல்லாமல் குழந்தையின் மனம் வளராதென்று எச்சரித்தது. ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்த ஆட்சி, 1989இல் வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை விடுதிகளில் விட்டுச் சென்றது. அவர்களில் சிலரைப் பின்னர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆராய்ந்தபோது, இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மரணமே மனுவாக வேண்டும். ஐம்பது வயதுக்குட்பட்ட ஒருவரின் இறப்பைப் பதிவு செய்யும்போது, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் உண்டா என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்து, அந்தத் தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தானாகவே போய்ச் சேரும்படி செய்யலாம். பாட்டி அலுவலகத்தைத் தேடி அலைவதற்குப் பதிலாக அலுவலகம் பாட்டியைத் தேடி வரட்டும். ஓடிப்போன தகப்பன் விஷயத்தில், கிராம நிர்வாக அலுவலரும் பள்ளித் தலைமையாசிரியரும் சேர்ந்து கொடுக்கும் ஒரு கடிதத்தைப் போதிய அத்தாட்சியாக ஏற்க வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து பத்து நாள் பள்ளிக்கு வராவிட்டால் அதை முதலில் அறிகிறவர் வகுப்பாசிரியரே. அவர் பேச்சுக்கு மதிப்பிருந்தால் பல பிள்ளைகள் தப்பும்.

அடுத்து, ஒவ்வோர் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டிலும், மகளிர் கழிப்பறைக் கதவிலும், ‘குழந்தையை வளர்க்க இயலாதவர்கள் சட்டப்படி ஒப்படைக்கலாம்; தண்டனை இல்லை; ரகசியம் காக்கப்படும்; 60 நாளுக்குள் திரும்பப் பெறலாம்’ என்று 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணோடு பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். செலவு ஒரு டப்பா பெயிண்டு. அங்கேயே பெண் ஆலோசகர் ஒருவர் இருந்து, ஒப்படைக்க வரும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “மாதம் 4,000 ரூபாய் கிடைத்தால் நீயே வைத்துக்கொள்வாயா, அம்மா?” என்பதாக இருக்கட்டும்.

கிராமந்தோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு காகிதத்தில் இருக்கிறது. கிராமசபை கூடும் நாட்களில் அதன் அறிக்கையையும் வாசிக்க வேண்டும் என்று விதித்தால், ஊரில் எந்தப் பிள்ளை எந்த ‘ஹாஸ்டலுக்கு’ப் போயிற்று, கோடை விடுமுறைக்காவது திரும்பி வந்ததா என்பது நாலு பேருக்குத் தெரியவரும்.

பதினெட்டு வயது நிரம்பியதும் இல்லத்திலிருந்து பெட்டியோடு வெளியே வரும் இளைஞருக்குச் சட்டம் 21 வயது வரை பின்னாதரவு தருகிறது. அவருக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது வாடகை வீட்டுக்கு ஜாமீன் நிற்கும் ஒரு கையெழுத்து, முதல் வேலைக்கு ஒரு சிபாரிசு, தீபாவளியன்று போய்ச் சாப்பிட ஒரு வீடு. இதை அரசாணை போட்டுக் கொண்டுவர முடியாது. வங்கி ஊழியர் சங்கங்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செய்யலாம்.

வழியில் ஒரு சிசுவைக் கண்டெடுத்தவர், பிள்ளையில்லாத தங்கை நினைவுக்கு வந்தாலும் சரி, அதை யாரிடமும் கொடுக்கலாகாது. 1098க்குப் பேசி, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்ப்பிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த கைமாற்றமே பின்னாளில் அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றையும் சொத்துரிமையையும் கேள்விக்குள்ளாக்குகிறது.

தர்ம சிந்தையுள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேசரி கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்து வெளியிடுவது சட்டப்படியும் தவறு. அவர்கள் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. நன்கொடை கொடுக்கும் முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: உங்கள் இல்லம் பதிவு பெற்றதா? கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைக் குடும்பத்தோடு திரும்பச் சேர்த்திருக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்லும் நிர்வாகிக்குத் தாராளமாகக் கொடுங்கள். மிச்சப் பணத்தை, சென்ற மாதம் உங்கள் தெருவில் கணவனை இழந்தவள் வீட்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அவள் பிள்ளைகளின் பெயரில் உதவித்தொகைக்கு மனு எழுத ஒருநாள் உடன் போய் வாருங்கள்.